கோட்டையும் கோட்டேயும்: கொழும்புக்கு முதன்முறையாகச் செல்பவர் அறிய வேண்டியவை

உரும்பிராய்ச் சந்தியில் நிற்கும் ஒருவரிடம் வழி கேட்டால், அவர் வீதியின் பெயரையோ வீட்டின் இலக்கத்தையோ சொல்வது அரிது. கோயிலைச் சொல்வார், பாடசாலையைச் சொல்வார், "அந்தப் பெரிய கிணற்றடியால் திரும்புங்கோ" என்பார். தெற்கே கோண்டாவில், திருநெல்வேலி ஊடாக யாழ்ப்பாணம், வடக்கே பலாலி, கிழக்கே கோப்பாய் என்ற அளவில் திசைகளும் அவருக்குத் தெளிவு. ஊரில் எவரும் வழி தவறுவதில்லை. தவறினாலும் கேட்பதற்கு மொழியும் மனிதரும் உண்டு.

அதே மனிதர் இரவு பஸ்ஸில் ஏறி, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து, விடியற்காலையில் கொழும்பில் இறங்குகிறார் எனக் கொள்வோம். கையில் ஒரு பை. அதனுள் வைத்தியசாலைக் கடிதம் அல்லது கடவுச்சீட்டு விண்ணப்பம். சட்டைப்பையில் உறவினர் ஒருவரின் முகவரி. அந்த நேரத்தில் அவரைத் திகைக்க வைப்பது நகரின் பருமன் என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அவரைத் திகைக்க வைப்பது நகரின் பெயர்கள். கொழும்பில் பெரும்பாலான இடங்களுக்கு மூன்று மொழிகளிலும் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. நமக்குத் தெரிந்தது அவற்றுள் ஒன்று மாத்திரமே. பஸ் நடத்துநர் கூவுவதோ பெரும்பாலும் மற்றொன்று.

நாம் புறக்கோட்டை என்பதைச் சிங்களத்தில் பிட்டகொட்டுவ என்பர், ஆங்கிலத்தில் பெட்டா. நமது கொட்டாஞ்சேனை அவர்களுக்குக் கொட்டஹேன. கறுவாத்தோட்டம் குருந்துவத்த ஆகிறது. நீதிமன்றங்கள் அமைந்துள்ள புதுக்கடை, சிங்களத்தில் அலுத்கடே. ஆங்கிலத்திலோ ஒல்லாந்தர் காலத்துப் பெயரான ஹல்ஸ்டொப். களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரம், மோதர என அழைக்கப்படுகிறது. கொம்பனித்தெரு சிங்களத்தில் கொம்பஞ்ஞவீதிய. ஆங்கிலத்திலோ அடிமைத் தீவு எனப் பொருள்படும் பெயரால் அது நெடுங்காலம் வழங்கி வந்தது. நகை வாங்கச் செல்வோர் தேடும் செட்டியார் தெரு, ஆங்கிலப் பலகையில் கடல் தெரு எனப் பொருள்படும் பெயருடன் நிற்கும். இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பல இடங்களில் தமிழும் சிங்களமும் ஒரே பொருளையே இரு ஒலிகளில் சொல்கின்றன. கறுவாத்தோட்டமும் குருந்துவத்தவும் ஒன்றின் மொழிபெயர்ப்பே மற்றையது.

இதனால் விளையும் மயக்கங்களுள் முதன்மையானது கோட்டை பற்றியது. கொழும்பு கோட்டை என்பது துறைமுகத்தை அண்டிய பழைய வணிக, நிருவாகப் பகுதி. ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே என்பது அதற்குத் தென்கிழக்கே பல கிலோமீற்றர் தள்ளியுள்ள வேறொரு நகர். 1982ஆம் ஆண்டு முதல் பாராளுமன்றம் அமைந்துள்ள இடம். கடைசி எழுத்தின் ஓசை மாறினால் மனிதர் வேறு நகரில் நிற்பார். இதனிலும் நுட்பமான மயக்கம் மற்றொன்று உண்டு. புறக்கோட்டையின் சிங்களப் பெயர் பிட்டகொட்டுவ. கோட்டே நகரின் ஒரு பகுதியின் பெயர் பிட்டகோட்டே. இரண்டும் கோட்டைக்கு வெளியே என்ற ஒரே பொருளைத் தருவன. களைப்புற்ற பயணி ஒருவரின் காதில் இரண்டும் ஒன்றாகவே விழும். மேலும், கோட்டை ரயில் நிலையம் பெயரளவிலேயே கோட்டை. அது நிற்பது புறக்கோட்டையின் விளிம்பில். ஆகவே ரயிலில் வந்து இறங்குபவர் புறக்கோட்டைக்குச் செல்வதற்கு ஓட்டோ பிடிக்க வேண்டியதில்லை. வீதியைக் கடந்தாலே போதுமானது.

இம்மயக்கத்திலிருந்து விடுபடுவதற்கு எளிய வழி இலக்கங்களைப் பற்றிக்கொள்வதாகும். இலக்கத்திற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. கொழும்பு மாநகரம் 1 முதல் 15 வரையான அஞ்சல் வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கோட்டை 1, கொம்பனித்தெரு 2, கொள்ளுப்பிட்டி 3, பம்பலப்பிட்டி 4, வெள்ளவத்தை 6, கறுவாத்தோட்டம் 7, பொரளை 8, மருதானை 10, புறக்கோட்டை 11, புதுக்கடை 12, கொட்டாஞ்சேனை 13. உறவினர் தரும் முகவரியில் இவ்விலக்கம் உள்ளதா என்பதை ஊரிலேயே சரிபார்த்துக் கொள்ள வேண்டும். "காலி வீதி" என்று மாத்திரம் எழுதி வருவதில் பயனில்லை. அவ்வீதி கொழும்பு, தெஹிவளை, மொறட்டுவை என ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாநகர எல்லைகளைக் கடந்து செல்வது. பகுதியின் பெயரின்றி வீட்டிலக்கம் மட்டும் வழிகாட்டாது.

பஸ்களுக்கும் இலக்கங்கள் உண்டு. புறக்கோட்டையிலிருந்து பாணந்துறை செல்லும் 100உம், மொறட்டுவை செல்லும் 101உம் காலி வீதி வழியாகக் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை ஆகிய இடங்களைத் தொட்டுச் செல்வன. புற்றுநோய் வைத்தியசாலையை நாடி மஹரகமவுக்குச் செல்வோர் ஏற வேண்டியது 138. இலக்கத்தின் பின் சாய்கோடிட்டு மற்றோர் இலக்கம் இருந்தால் பஸ்ஸின் முடிவிடம் வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். புறக்கோட்டையில் பஸ் நிலையம் ஒன்றல்ல என்பதும் அறிய வேண்டியது. மத்திய பஸ் நிலையம், பஸ்டியன் மாவத்தை, குணசிங்கபுர என அவை தனித்தனியே உள்ளன. புனரமைப்பு வேலைகளின்போது பஸ்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றப்படுவதும் உண்டு. திரும்பி வரும்போது எங்கே ஏற வேண்டும் என்பதை இறங்கும்போதே கேட்டறிந்து கொள்வது நலம். சில பெருவீதிகள் ஒருவழிப் பாதைகளாதலால், சென்ற வீதியிலேயே திரும்புவதற்கான பஸ் வரும் என எண்ணிக் காத்திருத்தல் வீண்.

இலக்கத்திற்கு அடுத்ததாக நம்பத்தக்க வழிகாட்டி கடல். கொழும்பின் மேற்கே கடல்; காலி வீதியும் கரையோர ரயில் பாதையும் அதற்கு ஒருங்கே தெற்கு நோக்கி ஓடுகின்றன. கோட்டையிலிருந்து வெள்ளவத்தை நோக்கிச் செல்பவருக்குக் கடல் வலக்கைப் பக்கம். கோட்டை நோக்கித் திரும்புபவருக்கு இடக்கைப் பக்கம். வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை எதில் நடந்தாலும் ரயில் பாதையைக் காணலாம். இவ்வொன்றை நினைவில் வைத்திருப்பவர் எதிர்த்திசை பஸ்ஸில் ஏற மாட்டார். காலையும் மாலையும் காலி வீதி நெரிசலில் திணறும்போது, கோட்டையிலிருந்து கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை நிலையங்களில் நின்று செல்லும் கரையோர ரயிலே விரைவானது. நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் மூன்று மொழிகளும் இருப்பது மேலதிக அனுகூலம்.

மூன்றாவது வழிகாட்டி மனிதர். சில சிங்களச் சொற்களைக் கற்றுச் செல்வதில் எவருக்கும் இழுக்கில்லை. "மே பஸ் எக்க வெள்ளவத்தட்ட யனவாத?" என்றால் இந்த பஸ் வெள்ளவத்தைக்குப் போகுமா என்பது பொருள். "கீயத?" என்பது எவ்வளவு; "கொஹெத?" என்பது எங்கே, "தகுண" வலம், "வம" இடம். நடத்துநர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று உரத்துச் சொன்னால் அது கோபமன்று. முன்னே நகருங்கள் என்பதே. "தெமள தன்னவாத?" என்று தமிழ் தெரியுமா எனக் கேட்டால், புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழ் பேசும் ஒருவர் அருகிலேயே இருப்பார். எனினும் சொல்வழி மாத்திரம் நம்பாது, செல்லுமிடத்தின் பெயரை மும்மொழிகளிலும் ஒரு தாளில் எழுதிச் செல்வதே பாதுகாப்பு. உரும்பிராயில் சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினமன்று. ஓட்டோவில் ஏறுவதாயின் மீற்றர் இயங்குகிறதா எனப் பார்க்க வேண்டும். இல்லையேல் கட்டணத்தைப் பேசிய பின்னரே ஏற வேண்டும். கைத்தொலைபேசியில் பிக்மீ, ஊபர் போன்ற செயலிகள் இருப்பின் பேரம் பேசும் தேவையும், இடத்தின் பெயரைச் சொல்லும் தேவையும் குறையும். ஆயினும் மின்கலம் தீர்ந்துபோனால் மீண்டும் அந்தத் தாள்தான் துணை.

அனுபவசாலிகளின் சொல்லையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் அவர்கள் அறிந்த கொழும்பு இன்றைய கொழும்பு அல்ல. புறக்கோட்டையிலிருந்த மெனிங் சந்தைக்கு 2020ஆம் ஆண்டு பேலியகொடையில் புதிய கட்டடம் திறக்கப்பட்டு, சந்தை அங்கு சென்றுவிட்டது. மரக்கறி லொறியில் செல்வோருக்கு இது முக்கியமான செய்தி. கடவுச்சீட்டு வழங்கும் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம் நகருக்கு வெளியே பத்தரமுல்லையில் உள்ளது. அதற்கும் மேலாக, பயணத்திற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இந்த அலுவலுக்குக் கொழும்பு செல்லத்தான் வேண்டுமா? 2025 செப்ரெம்பரில் யாழ். மாவட்டச் செயலகத்திலேயே கடவுச்சீட்டுக்கான பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டது. இதனை அறியாது இரவு பஸ்ஸில் ஏறும் முதியவர்கள் இன்னமும் இருக்கக்கூடும். விசாரித்தறிந்தால் ஓர் இரவுத் தூக்கமும், பெருந்தொகைப் பணமும் மிஞ்சும்.

இவையெல்லாம் பயணி செய்ய வேண்டியவை. ஆயின் முழுப் பொறுப்பையும் அவர்மீது சுமத்துவது நியாயமாகாது. யாழ்தேவி ஓடத் தொடங்கிய அதே 1956ஆம் ஆண்டிலேயே தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. தலைநகருக்குப் பாதை விரைவான வேளையில், அங்கு பேசும் மொழி நமக்கு அந்நியமாக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற்கான ரயில் நின்றது. அது மீண்டும் வந்து சேர்ந்தது 2014ஆம் ஆண்டிலேயே. இடைப்பட்ட காலத்தில் கொழும்பு செல்வதென்பது அனுமதி, சோதனை, பொலிஸ் பதிவு ஆகியவற்றின் ஊடான பயணமாயிற்று. 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலை, கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். வெளியேற்றப்பட்டோர் 376 பேர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அன்றைய பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். அவ்வாறு வெளியேற்றப்பட்டோரிடம் அதிகாரிகள் கேட்ட கேள்வி, எதற்காகக் கொழும்பில் நிற்கிறீர்கள் என்பதே. தன் நாட்டின் தலைநகரில் நிற்பதற்கு ஒரு குடிமகன் காரணம் காட்ட வேண்டியிருந்த காலம் அது. அக்காலத்தை நினைவில் வைத்திருக்கும் ஒரு தலைமுறை, வழி கேட்பதற்கே இன்றும் தயங்குகிறது. இத்தயக்கத்தை அறியாமை என எள்ளுதல் தவறு.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று கூறுகிறது. சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள பிரதேசத்திலும், எந்தவோர் அரச அலுவலரோடும் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை அரசியலமைப்பில் உள்ளது. இதனைக் கண்காணிக்க 1991ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது. எழுத்தில் உள்ள உரிமை பஸ்ஸின் நெற்றியிலும், வைத்தியசாலையின் விசாரணைக் கருமபீடத்திலும், வீதிப் பலகையிலும் பிழையற்ற தமிழாகத் தெரிய வேண்டும். பிழையான தமிழ்ப் பலகை, பலகையே இல்லாததைக் காட்டிலும் பயணியை அதிகமாக அலைய வைக்கும்.

இதே கடமை நமக்கும் உண்டு. தெற்கிலிருந்து முதன்முறையாக வரும் ஒரு சிங்கள முதியவர், யாழ். பஸ் நிலையத்தில் நின்று நாகதீபவுக்கு எந்த பஸ் எனக் கேட்கிறார். அவர் கேட்பது நமது நயினாதீவையே. குறிகட்டுவான் பஸ்ஸைக் காட்டி, அங்கிருந்து படகு என்று அவருக்குச் சொல்பவர், வெள்ளவத்தையில் தனக்கு ஒருவர் சொல்ல வேண்டியதை இங்கு சொல்கிறார்.

ஆகவே உரும்பிராயிலிருந்து கொழும்புக்குப் புறப்படுவோர் தேசிய அடையாள அட்டையுடனும் சில்லறைக் காசுடனும் மூன்று மொழிகளில் எழுதிய தாள் ஒன்றையும் எடுத்துச் செல்வார்களாக. போகுமிடம், அதன் வலய இலக்கம், பஸ் இலக்கம், அங்குள்ள ஒருவரின் தொலைபேசி இலக்கம் ஆகிய நான்கும் அதில் இருத்தல் வேண்டும். முதற்பயணத்தில் அத்தாள் உதவும். இரண்டாம் பயணத்தில், அவ்வூரிலிருந்து புதிதாகச் செல்லும் மற்றொருவருக்கு அதனைக் கொடுத்துதவலாம்.