படக்கதை ஆனியும் வரலாற்று ஆனியும்

எட்டாம் வகுப்பில் ஒருநாள் பழைய அமெரிக்கப் படக்கதை ஒன்றின் அட்டையைத் திரையில் காட்டினேன். 1950-களில் டெல் நிறுவனம் வெளியிட்ட ‘ஆனி ஓக்லியும் டாக்கும்’ அது. ‘ஆனி ஓக்லி’ என்ற தொலைக்காட்சித் தொடரில் நடித்த கெயில் டேவிஸின் புகைப்படம் அட்டையில் இருந்தது. “ஆண்களே நாயகர்களாக இருந்த கௌபாய் கதைகளில் ஒரு நாயகி!” என்றேன் பெருமையாக.

“இவங்க நிஜமா இருந்தாங்களா, டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். உடனே விடை சொல்ல முடியவில்லை. வீட்டிற்கு வந்து தேடிப் படித்தேன்.

ஆனி 1860-இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். வேட்டையாடியவற்றை விற்று, வறுமையில் வாடிய குடும்பத்தைக் காத்தார். 1885-இல் பஃபலோ பில்லின் காட்சிக்குழுவில் சேர்ந்து, குறி தவறாமல் சுடுவதில் உலகப்புகழ் பெற்றார். பெண்கள் பலருக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தார். 1926-இல் மறைந்தார். படக்கதை ஆனியோ மேற்கே கொள்ளையரை விரட்டுகிறார். தம்பி டாக் வெறும் கற்பனை.

மறுநாள் கரும்பலகையில் இரண்டு கட்டங்கள் வரைந்தேன்: ‘படக்கதை சொல்வது’, ‘வரலாறு சொல்வது’. மாணவர்கள் குழுவாகப் பேசி நிரப்பினர். கேள்வி கேட்ட அதே மாணவி இறுதியில் எழுந்தாள்: “வீட்டுப் பசிக்காக வேட்டையாடினதுதானே பெரிய வீரம்? அதை ஏன் டீச்சர் வரையலை?”

படக்கதையை வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள், ஆசிரியர்களே. அது எதை விட்டுவிட்டது என்ற கேள்வியையும் உடன் கொண்டு செல்லுங்கள்.