கணக்குச் சரி, வழக்குத் தள்ளுபடி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் சுப்ரீம் கோர்ட் 1987-ஆம் வருஷம் ஏப்ரல் 22-ஆம் தேதி வழங்கிய ஒரு தீர்ப்பின் விசேஷம் என்னவென்றால், பிரதிவாதி கொண்டுவந்து வைத்த கணக்கு பொய்யென்று நீதிபதிகள் சொல்லவில்லை. சரியென்றே வைத்துக்கொண்டு, சரியாயிருந்தும் பிரயோஜனமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஜார்ஜியா மாநிலத்துத் தலைநகரான அட்லாண்டாவில் 1978-ல் மேஜை நாற்காலிக் கடையொன்றில் நால்வர் கொள்ளையிடப் புகுந்தபோது, அங்கே வந்த வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் கறுப்பினத்தவனான வாரன் மெக்கிளெஸ்கி என்று தீர்மானித்து, வெள்ளையர் பதினொருவரும் கறுப்பர் ஒருவருமாக அமைந்த ஜூரி அவனுக்கு மரண தண்டனை விதித்தது. அவன் குற்றம் அற்பமானதென்று வாதிப்பது என் நோக்கமன்று. இறந்தவர் கறுப்பராயிருந்தால் அதே மின்சார நாற்காலி அவனைத் தேடி வந்திருக்குமா என்பதே கேள்வி.

அதற்கு விடை தேடியவர் டேவிட் பால்டஸ் என்ற சட்டப் பேராசிரியர். அவரும் சகாக்களும் 1970-களில் ஜார்ஜியாவில் நடந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கொலை வழக்குகளை எடுத்துக்கொண்டு, கொலையாளியின் பூர்வ சரித்திரம், கொலையின் குரூரம், சாட்சியத்தின் பலம் என்று இருநூற்று முப்பது அம்சங்களைப் பதிந்து கணக்கிட்டார்கள். கொல்லப்பட்டவர் வெள்ளையரானால் நூற்றுக்கு 11 வழக்குகளில் மரண தண்டனை. கறுப்பரானால் நூற்றுக்கு ஒன்று. வெள்ளையரைக் கொன்றவன் கறுப்பனாகவும் இருந்துவிட்டால் நூற்றுக்கு 22. இனத்துக்குச் சம்பந்தமில்லாத காரணங்களைக் கழித்த பின்னரும் 4.3 மடங்கு வித்தியாசம் நின்றது.

இந்த வித்தியாசம் ஜூரியின் அறையில் மட்டும் பிறந்ததல்ல. மரண தண்டனை கேட்பதா வேண்டாமா என்று முதலில் முடிவு செய்கிறவர் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஜில்லா அரசு வக்கீல். கறுப்பன் வெள்ளையரைக் கொன்ற வழக்குகளில் நூற்றுக்கு 70-ல் அதைக் கேட்ட அந்த வக்கீல்கள், கறுப்பன் கறுப்பரைக் கொன்ற வழக்குகளில் 15-ல்தான் கேட்டார்கள். எப்போது கேட்பது என்பதற்கு எழுதி வைத்த விதி எதுவும் கிடையாதென்று மெக்கிளெஸ்கியின் ஜில்லா வக்கீலே சாட்சியம் சொன்னார். விதியில்லாத இடத்தில் வழக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த வழக்கத்துக்கோ வயது அதிகம். 1861-ஆம் வருஷத்து ஜார்ஜியா தண்டனைச் சட்டம், வெள்ளைக்காரப் பெண்ணைப் பலவந்தம் செய்த கறுப்பனுக்கு மரணமும், கறுப்புப் பெண்ணைக் கெடுத்தவனுக்கு நீதிபதியின் இஷ்டம்போல் அபராதமும் சிறையும் என்று கூச்சமின்றி எழுதியிருந்தது. (வர்ணத்துக்கு ஒரு தண்டம் வகுத்த ஸ்மிருதிகளை வைத்திருக்கும் நமக்கு இதில் ஆச்சரியப்படும் யோக்கியதை குறைவு.) எழுத்து அழிக்கப்பட்டது, கணக்கில் அது தெரிந்துகொண்டே இருந்தது.

பால்டஸின் புள்ளிவிவரத்தோடு மெக்கிளெஸ்கி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோது, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் வழக்கு தள்ளப்பட்டது. ஐவருக்காகத் தீர்ப்பெழுதிய நீதிபதி லூயிஸ் பவல், தன்னுடைய வழக்கில், தன்னைத் தண்டித்தவர்களே, இனத் துவேஷத்தால் வேண்டுமென்று அப்படிச் செய்தார்கள் என்று மெக்கிளெஸ்கி நிரூபிக்க வேண்டும் என்றார். அப்படியானால் யாரிடம் கேட்டு நிரூபிப்பது? ஜூரிகளைச் சாதாரணமாகக் கூண்டில் ஏற்ற முடியாது. அரசு வக்கீலை விளக்கம் கேட்பது முறையல்லவென்று அதே தீர்ப்பு சொல்கிறது. கதவைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பதுபோல் இருக்கிறது இது. உத்தியோகம் மறுக்கப்பட்ட வழக்குகளில் இதே மாதிரிப் புள்ளிவிவரத்தைப் பாரபட்சத்துக்கு ருசுவாக ஏற்ற நியாயஸ்தலம், உயிர் போகிற வழக்கில் மட்டும் அதற்கு மேலும் கேட்டது எனக்கு விளங்கவில்லை. இதை ஒப்புக்கொண்டால் மற்றத் தண்டனைகளையும் ஆட்சேபித்து ஜனங்கள் வருவார்களே என்ற கவலையும் தீர்ப்பில் வெளிப்படையாகவே இருக்கிறது. அது நீதி மிதமிஞ்சிவிடுமோ என்ற பயம் என்று மாறுபட்டு எழுதிய நீதிபதி பிரென்னன் சொன்னார்.

ஐவரில் ஒருவரான ஸ்காலியா தம் சகாக்களுக்கு அனுப்பிய அந்தரங்கக் குறிப்பொன்று பிற்காலத்தில் வெளிவந்தது. இன வெறுப்பு ஜூரியையும் அரசு வக்கீலையும் பாதிப்பது உண்மை, அதை ஒழிக்கவும் முடியாது, ஆகையால் தமக்கு மேற்கொண்டு நிரூபணம் அவசியமில்லை என்பது அதன் சாரம். இதையும் பவலின் தீர்ப்பையும் சேர்த்துப் படிக்கிறவனுக்கு ஒன்று புலப்படும்: சந்தேகத்தின் பலன் பிரதிவாதிக்கு என்ற தர்மம் இங்கே தலைகீழாகி, சந்தேகமே இல்லாத இடத்தில் பலன் அரசாங்கத்துக்குப் போய்விட்டது.

1987-லேயே ஓய்வு பெற்ற பவல், எந்தத் தீர்ப்பையாவது மாற்ற விரும்புவீர்களா என்று தம் சரிதையை எழுதியவர் 1991-ல் கேட்டபோது, மெக்கிளெஸ்கி வழக்கில் தம் வாக்கை மாற்றுவேன் என்றார். அந்த ஒரு வாக்குதான் வித்தியாசம். மெக்கிளெஸ்கி அதே வருஷம் செப்டம்பர் 25-ஆம் தேதி மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டான். பவலின் பதில் புத்தகமாகி வெளிவந்தது 1994-ல்.

வட கரோலினா 2009-ல் புள்ளிவிவரத்தையே சாட்சியமாகக் காட்ட இடம் கொடுத்து ஒரு சட்டம் இயற்றியது. சிலருடைய மரண தண்டனை அதன்மூலம் ஆயுள் தண்டனையாக மாறியதும், 2013-ல் அதை ரத்து செய்தது. மனமறிந்த துவேஷத்தை நிரூபிக்க வேண்டாமென்று கலிபோர்னியா 2020-ல் சட்டம் செய்திருக்கிறது. 1987-ஆம் வருஷத்துத் தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட் இன்னும் மாற்றவில்லை.