தாயிழந்த முயற்குட்டிகளைக் காப்பாற்றும் முறை

தமிழ்நாட்டில் இறைச்சிக்காக முயல் வளர்க்கும் தொழில் மலைப்பிரதேசங்களில் மட்டுமன்றிச் சமவெளிக் கிராமங்களிலும் நடைபெற்று வருகின்றது. நீலகிரியில் சாண்டிநல்லாவிலும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்களில் இதற்கென நல்லின முயல்கள் பேணப்படுகின்றன. இத்தொழிலில் குடியானவருக்கு நேரும் நஷ்டங்களுள் பெரும்பகுதி குட்டிகள் பிறந்த முதல் பத்து நாட்களுக்குள்ளேயே நேருகின்றது. தாய் முயல் ஈன்றவுடன் இறந்துவிட்டாலோ, பால் சுரக்காமற் போனாலோ, குட்டிகளும் போயின என்று கைவிட்டுவிடுவது வழக்கமாக இருந்து வருகின்றது. இது தவறு. எட்டுக் குட்டிகள் கொண்ட ஓர் ஈற்று முழுதும் பிழைத்து வளர்ந்தால், இறைச்சியின முயல்களில் மூன்று மாதத்திற்குள் ஏறக்குறைய 16 கிலோ உயிரெடை கிடைக்கும். அவற்றுள் பாதியையேனும் காப்பாற்ற இயலும். அதற்குச் செய்யவேண்டியவற்றை வரிசை தவறாமற் செய்தல் அவசியம். முதலில் உஷ்ணம், அடுத்து செவிலித்தாய், இவ்விரண்டிற்கும் பின்னரே கைப்பால் என்பதே அவ்வரிசையாகும்.

குட்டியின் இயல்பு

முயலின் சினைக்காலம் 30 முதல் 32 நாட்கள். பிறக்கும் குட்டிக்கு உடலில் மயிரும் இல்லை, கண்ணும் திறந்திராது. அதன் எடை சுமார் 50 கிராம். ஒரு வாரத்திற்குள் மெல்லிய மயிர் படரும். 10 முதல் 12 நாட்களில் கண் திறக்கும். மூன்றாவது வாரத்தில் கூட்டைவிட்டு வெளிவரத் தொடங்கும்.

தாய் முயலின் நடத்தை பசுவினுடையதையோ நாயினுடையதையோ போன்றதன்று. அது குட்டிகளின்மேல் படுத்துக் கதகதப்பூட்டுவதில்லை. தன் மார்பு மயிரைப் பிடுங்கிக் கூடு அமைத்துவிட்டு விலகியே இருக்கும். நாளொன்றுக்கு ஒரு முறை, சிற்சில சமயம் இரு முறை, பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ கூட்டினுள் வந்து மூன்று நான்கு நிமிஷங்களுக்குள் பாலூட்டிவிட்டுச் சென்றுவிடும். காம்பைப் பற்றியவாறு வெளியே இழுத்து வரப்பட்ட குட்டியை அது வாயாற் கவ்வித் திரும்பக் கூட்டிற் சேர்ப்பதும் இல்லை. ஆகவே கம்பித் தரையிற் கிடக்கும் குட்டி குளிரால் இறப்பது நிச்சயம்.

தாய் கைவிட்டதா என்று அறிதல்

பகலெல்லாம் தாய் கூட்டருகே செல்லவில்லை என்பதனால் மட்டும் குட்டிகளைக் கைவிட்டதாகக் கருதுதல் கூடாது. விடிந்தவுடன் குட்டிகளின் வயிற்றைப் பார்க்க வேண்டும். பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டு, மெல்லிய தோலினூடே பால் வெள்ளையாகத் தெரியும். குட்டியும் அமைதியாகத் தூங்கும். பால் கிடைக்காத குட்டியின் வயிறு ஒட்டி, தோல் சுருங்கியிருக்கும். தொட்டவுடன் துள்ளித் தலையைத் தூக்கி வாயால் தேடும். இரண்டு நாட்காலை தொடர்ந்து வயிறு ஒட்டியிருப்பின் தாய் பாலூட்டவில்லை என்று கொள்ளலாம்.

தலையீற்று முயல்கள் சில கூட்டிற்கு வெளியே ஈன்றுவிட்டுப் பாலூட்டாது திகைத்து நிற்பதுண்டு. அத்தகைய தாயை ஒருவர் மெல்லப் பிடித்துப் பெட்டியினுள் குட்டிகளின்மேல் நிற்கச் செய்து, ஐந்து நிமிஷம் பால் குடிக்க விட வேண்டும். சில நாட்கள் இவ்வாறு செய்தால் பல முயல்கள் தாமே பாலூட்டப் பழகிக்கொள்ளும்.

முதலில் உஷ்ணம்

குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு உடனே பால் புகட்ட முற்படுவதே யாவரும் செய்யும் பெரும்பிழை. உடல் குளிர்ந்த குட்டிக்கு விழுங்கும் சக்தி குன்றியிருக்கும். உட்சென்ற பாலும் செரிக்காது. கதகதப்பாக வைக்கப்பட்ட குட்டி ஒரு நாள் முழுதும் பாலின்றி இருக்கக்கூடும் என்பதைத் தாய் ஊட்டும் முறையிலிருந்தே அறியலாம். குளிரிலோ அது சில மணி நேரமும் தாங்காது.

ஆகவே குட்டியை உள்ளங்கையில் வைத்துத் துணியாற் போர்த்தி, மார்போடு அணைத்துச் சூடேற்ற வேண்டும். பிறகு சுமார் 45 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பெட்டியில் உலர்ந்த மென்மையான வைக்கோலைப் பரப்பி, நடுவிற் குழித்து, தாயின் மயிர் கிடைத்தால் அதையும் இட்டு, எல்லாக் குட்டிகளையும் ஒன்றாகவே வைக்க வேண்டும். தனித்த குட்டி தன் உஷ்ணத்தைக் காத்துக்கொள்ள இயலாது. நீண்ட நூலும் பஞ்சும் கால்களிற் சுற்றிக்கொள்ளுமாதலால் அவற்றைத் தவிர்க்க. முதல் வாரத்தில் கூட்டின் உட்புறம் 32 முதல் 35 பாகை செல்சியஸ் உஷ்ணம் இருத்தல் நலம். வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியிற் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தால், சூடு மிகும்போது குட்டிகள் மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். சமவெளியில் சித்திரை, வைகாசி மாதங்களில் இதற்கு மாறான அபாயமும் உண்டு. குட்டிகள் ஒன்றையொன்று விட்டு விலகிச் சிவந்து கிடந்தால் மூடிய மயிரைச் சற்று நீக்கி, பெட்டியை நிழலான காற்றோட்டமுள்ள இடத்திற்கு மாற்ற வேண்டும்.

செவிலித்தாய்

குட்டி சூடேறிய பின் செய்யத்தக்கது, அண்மையில் ஈன்ற மற்றொரு முயலிடம் அதைச் சேர்ப்பதாகும். எவ்வளவு திறமையாகக் கையால் வளர்த்தாலும் அது தாய்ப்பாலுக்கு ஈடாகாது. முயற்பாலில் கொழுப்பு 12 சதவீதம் அளவில் உள்ளது. பசும்பாலிலோ சுமார் 4 சதவீதமே. பசும்பாலில் 5 சதவீதத்தை ஒட்டியுள்ள பாற்சர்க்கரை முயற்பாலில் மிகக் குறைவு. அன்றியும், முயற்பால் குட்டியின் இரைப்பையிற் செரிக்கும்போது உண்டாகும் சில கொழுப்பமிலங்கள் தீய கிருமிகளை வளரவொட்டாமற் காக்கின்றன. வேறெந்தப் பாலிலும் இக்காப்பு முழுமையாகக் கிடைப்பதில்லை.

கன்றுக்குச் சீம்பால் கிடைக்காவிடில் நோயெதிர்ப்புச் சக்தி இராது என்பதைக் குடியானவர் அறிவர். முயற்குட்டியோ அச்சக்தியின் பெரும்பகுதியைப் பிறப்பதற்கு முன்னரே தாயின் உடலிலிருந்து பெற்றுவிடுகின்றது. ஆதலின் பிறந்தவுடன் தாயை இழந்த குட்டியும் செவிலித்தாயிடம் நன்கு பிழைக்கும்.

இரு ஈற்றுக் குட்டிகளுக்கும் வயது வித்தியாசம் இரண்டு மூன்று நாட்களுக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் பெரியவை சிறியவற்றைத் தள்ளிவிடும். முயலுக்குப் பெரும்பாலும் எட்டுக் காம்புகளே உண்டாதலால் மொத்தக் குட்டிகள் அத்தொகைக்குள் இருக்க வேண்டும். செவிலி முயலைச் சிறிது நேரம் கூண்டிலிருந்து அகற்றி, புதுக் குட்டிகளை அதன் கூட்டு வைக்கோலால் தேய்த்து, சொந்தக் குட்டிகளின் நடுவில் வைத்து மயிரால் மூடிவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் வாசனை ஒன்றாகிவிடும். பின் தாயை விடலாம். பெரும்பாலான முயல்கள் வேற்றுமை பாராட்டுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. தாயின் மடி கடினமாகிச் சூடேறி நீலம் பாய்ந்திருந்தால் அது மடிநோய். அந்தத் தாயிடம் பால் குடித்த குட்டிகளை வேறு முயலிடம் சேர்த்தால் அதற்கும் நோய் தொற்றக்கூடும். அவற்றைக் கைப்பாலாலேயே வளர்க்க வேண்டும்.

கைப்பால்

செவிலி கிடைக்காதபோது, கால்நடை மருந்துக் கடைகளில் விற்கும் பூனைக்குட்டிப் பால்மாவைக் கரைத்து ஊட்டுவது உத்தமம். அது கிடைக்காத கிராமங்களில் காய்ச்சி ஆற்றிய ஆட்டுப்பாலில் சர்க்கரை சேராத பாலேட்டைச் சிறிது கலந்து கொடுக்கலாம். தனிப் பசும்பால் கழிச்சலையும் வயிற்று உப்பிசத்தையும் உண்டாக்கும். பால் உடற்சூட்டளவு வெதுவெதுப்பாக இருத்தல் வேண்டும். மிஞ்சியதை மறுவேளைக்கு வைக்கலாகாது.

ஊசி நீக்கிய ஒரு மில்லி சிரிஞ்சு, அல்லது கண்ணுக்கு மருந்துவிடும் சொட்டுக்குழாய் போதுமானது. குட்டியைக் குழந்தையைப் போல் மல்லாத்தக் கூடாது. நிமிர்த்திப் பிடித்து, உதட்டருகே ஒவ்வொரு துளியாக வைத்து, அது நக்கி விழுங்கிய பின்னரே அடுத்த துளி விட வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் பால் மூச்சுக்குழலிற் புகுந்து சுவாசப்பை வீங்கிக் குட்டி இறக்கும். மூக்கில் பால் தெரிந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் துடைக்க.

நாளொன்றுக்கு இரண்டு வேளை, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், ஒரு வேளைக்குக் கொடுக்கத்தக்க அளவு வருமாறு:

முதல் வாரம்: 2 முதல் 2.5 மில்லி
2-ஆம் வாரம்: 5 முதல் 7 மில்லி
3-ஆம் வாரம்: 7 முதல் 13 மில்லி
4 முதல் 6 வாரம் வரை: 13 முதல் 15 மில்லி

இவை பெரிய இனங்களுக்கு ஏற்ற மேலளவுகள். சிறிய குட்டிக்குக் குறைத்தே கொடுக்க வேண்டும். வயிறு உருண்டிருக்கலாம், விறைத்திருக்கலாகாது. பசியால் இறக்கும் குட்டிகளைப் போலவே, இரக்கத்தால் அடிக்கடி புகட்டி வயிறு உப்பி இறப்பனவும் உண்டு. தினந்தோறும் ஒரே நேரத்தில் எடை போட்டுக் குறித்துவந்தால் குறைபாடு முன்கூட்டியே தெரியும்.

சுத்தமும் நோய்த்தடுப்பும்

கண் திறக்கும் வரை, ஒவ்வொரு முறை பால் கொடுத்தபின்னும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றையும் மலத்துவாரத்தையும் மெல்லத் தடவினால் மலமும் சிறுநீரும் தடையின்றி வெளிப்படும். வாயில் ஒட்டிய பாலைத் துடைத்துவிட வேண்டும். இன்றேல் எறும்பு மொய்க்கும். நம் நாட்டில் ஒரே இரவில் எறும்பால் அழியும் ஈற்றுகள் பல. பெட்டி வைத்த மேசையின் நான்கு கால்களையும் நீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துவதும், எலியும் பாம்பும் நுழையாத கம்பிவலை அடிப்பதும் இன்றியமையாதன.

கழிச்சல் கண்டவுடன் வீட்டிலுள்ள மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பது அபாயம். வாய்வழிக் கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் முயலின் குடலிலுள்ள நன்மை பயக்கும் கிருமிகளை அழித்து மரணத்தை விளைவிக்கும். கால்நடை மருத்துவரைக் கேட்டே மருந்து கொடுக்க வேண்டும்.

18-ஆம் நாள் முதல் உலர்ந்த புல்லையும் சிறிது அடர்தீவனத்தையும், ஆழமில்லாத தட்டில் நீரையும் வைத்துப் பழக்கலாம். நோயற்ற பெரிய முயல் இடும் மிருதுவான புழுக்கையைச் சிறிதளவு கூட்டில் இட்டால், தாயிடமிருந்து வரவேண்டிய குடற்கிருமிகள் குட்டிக்குக் கிடைக்கும். குதிரைமசால், அகத்தி முதலிய பசுந்தழைகளைப் பின்னர் ஒவ்வொன்றாக, வாடவைத்துச் சேர்க்க வேண்டும். கைப்பால் குட்டிகளை ஆறு வாரத்திற்கு முன் பால் மறக்கடித்தல் கூடாது.

காட்டு முயற்குட்டிகள்

அறுவடைக் காலத்தில் வயல்களிற் காணப்படும் குட்டிகளைத் தாயிழந்தவை என்று எண்ணி வீட்டிற்குக் கொண்டுவருவதுண்டு. நம் காடுகளிலுள்ள முயல் வேறு இனம். அதன் குட்டி மயிருடனும் திறந்த கண்ணுடனும் பிறந்து, புல்மறைவில் தனியே கிடக்கும். இருட்டியபின் தாய் வந்து பாலூட்டும். அதை அவ்விடத்திலேயோ, அருகிலுள்ள வரப்போரப் புதரிலோ விட்டுவிடுவதே தக்கது. காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். காயம்பட்ட குட்டியாயின் வனத்துறையினருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் இதனை அறுவடைக்கு முன்பே ஊராருக்கு எடுத்துரைத்தல் நலம்.

முன்னேற்பாடு

கையால் வளர்ப்பது உழைப்பு மிகுந்ததும் பலன் உறுதியற்றதும் ஆகும். அதைத் தவிர்க்கும் வழி குடியானவர் கையிலேயே உள்ளது. பெண் முயல்களை ஒவ்வொன்றாக வெவ்வேறு நாளில் இணை சேர்க்காது, இரண்டு மூன்றை ஒரே நாளில் சேர்த்துத் தேதியைக் குறித்துவைத்தால் அவை யாவும் ஓரிரு நாள் இடைவெளிக்குள் ஈனும். ஒன்று இறந்தாலும் பால் குன்றினாலும் மற்றவை செவிலியாக உதவும். 28-ஆம் நாளில் பெட்டியை வைத்து, ஈன்ற அன்றே குட்டிகளை எண்ணி, இறந்தவற்றை அகற்றி, நாள்தோறும் விடியலில் வயிறு பார்க்கும் வழக்கத்தை மேற்கொள்ளும் பண்ணையில் சிரிஞ்சும் பால்மாவும் அரிதாகவே தேவைப்படும்.