நாக்கின் தீர்ப்பை நம்பலாமா?

காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டு செல்லும் சாலையில் பழையசீவரம் என்னும் ஊர் உள்ளது. அங்கே பாலாற்றைக் கடந்தால் எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் இடமாதலால் அப்பெயர் பெற்றது. பொங்கல் விடுமுறையில் காஞ்சி வரதராசப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழையசீவரத்துக்கு வந்து, ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கும் எழுந்தருள்வார். அன்று கூட்டத்தோடு கூட்டமாக மணலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிப்பது எங்கள் நண்பர்கள் ஐவருக்கும் பல ஆண்டுப் பழக்கம்.

ஐந்து வீட்டுப் புளியோதரையும் வரும். ஒவ்வொன்றையும் எல்லோரும் சுவைத்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவோம். ஆண்டுதோறும் ஒரு நண்பர் வீட்டுச் சோறுதான் முதலிடம் பெறும். அது ஈயம் பூசிய பழைய பித்தளைத் தூக்கில் வரும். மற்றவை எவர்சில்வர் டப்பாக்களில் வரும். ஓராண்டு வண்டியிலிருந்து இறக்கும் அவசரத்தில் ஒரு டப்பா சரிந்து, அதிலிருந்த சோற்றைத் தூக்கிலும், தூக்குச் சோற்றை வேறொரு டப்பாவிலும் மாற்றிவைக்கும்படி ஆயிற்று. மாற்றியவர் அதை எங்களிடம் சொல்ல மறந்துவிட்டார். அந்த ஆண்டும் தூக்குக்கே முதலிடம் கிடைத்தது! செய்தி தெரிந்தபோது நாங்கள் சிரித்தோம். ஆனால் கேள்வி மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. இத்தனை ஆண்டுகளாக நாங்கள் மதிப்பெண் இட்டது சோற்றுக்கா, பாத்திரத்துக்கா?

திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் இங்கு நடந்த, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைப் பற்றி அது கூறுகிறது. அங்கே ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளைப் பெயரும் அளவுமாகப் பொறித்திருக்கிறார்கள். மருந்தைப் படியாலும் எடையாலும் அளந்துவிடலாம். சுவையை எதனால் அளப்பது? நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே கருவி நாக்குதான்.

இந்தக் கேள்வியை மிகவும் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் சிவப்பு ஒயினைச் சுவைப்பவர்கள். மேல்நாடுகளில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நண்பர்கள் ஆளுக்கொரு புட்டி கொண்டுவந்து, வரிசையாகச் சுவைத்து மதிப்பெண் போடுவது வழக்கம். நம் நாட்டிலும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் கிறிஸ்துமசுக்குப் பல நாட்கள் முன்பே கறுப்புத் திராட்சையைச் சாடியில் ஊறப்போடும் வழக்கம் உண்டு. மதுவுக்குப் பரிந்து பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சுவைப்பவரின் தீர்ப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்று ஒயினைக் கொண்டு பல நல்ல சோதனைகள் நடந்துள்ளன. அதனாலேயே அதை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கோப்பைக்குள் இருப்பவை

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை ஒன்றை நசுக்கிப் பாருங்கள். தோல் கருநீலமாக இருந்தாலும் உள்ளே சதை ஏறக்குறைய நிறமற்றே இருக்கும். நிறமெல்லாம் தோலில் உள்ள ஆந்தோசயனின் என்னும் சாயப் பொருள்களால் வருவது. சாற்றைத் தோலோடு சேர்த்து நொதிக்கவிட்டால் சாயம் கரைந்து சிவப்பு ஒயின் ஆகிறது. தோலை முன்பே நீக்கிவிட்டால் கறுப்புத் திராட்சையிலிருந்தும் வெள்ளை ஒயின் செய்யலாம். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. ஆகையால் நன்கு நொதித்த ஒயினில் இனிப்பு அநேகமாக இராது. புளிப்பு மட்டும் நிற்கும். அதற்கு முக்கியக் காரணம் டார்ட்டாரிக் அமிலம். நம் புளியங்காய்க்குப் புளிப்பைத் தருவதும் இதே அமிலந்தான். புளியோதரையும் ஒயினும் இந்த வகையில் ஒன்றுவிட்ட உறவு!

தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இன்னொன்றும் இறங்குகிறது. அதுவே டானின். நம் முன்னோர் அறுசுவையில் ஒன்றாக எண்ணிய துவர்ப்பு இதனால் உண்டாவது. வாழைப்பூவிலும் கடுக்காயிலும் கொட்டைப் பாக்கிலும் நாம் உணர்வதும் துவர்ப்பே. இக்கால உடலியலார் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றோடு உமாமி எனப்படும் ஒன்றையும் சேர்த்து ஐந்து அடிப்படைச் சுவைகளைச் சொல்கிறார்கள். துவர்ப்பை அந்தப் பட்டியலில் அவர்கள் சேர்ப்பதில்லை. அது பெரும்பாலும் தொடு உணர்வு என்பது அவர்கள் கருத்து. உமிழ்நீரில் உள்ள சில புரதங்கள் வாய்க்கு எண்ணெய் போல வழுவழுப்பைத் தருகின்றன. டானின்கள் அந்தப் புரதங்களைப் பற்றிக்கொண்டு திரியச் செய்கின்றன. வழுவழுப்பு குறைகிறது; நாக்கும் கன்னமும் உலர்ந்து இழுப்பதுபோல் தோன்றுகிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. துவர்ப்பு ஒரு மடக்கோடு போய்விடாது. அடுத்தடுத்த மடக்குகளில் கூடிக்கொண்டே போகும். ஆகவே எட்டுப் புட்டிகளை வரிசையாகச் சுவைக்கும்போது எட்டாவது புட்டி, முந்தைய ஏழு புட்டிகளின் பாக்கியையும் சேர்த்துச் சுமக்கிறது. நெல்லிக்காய் தின்றபின் பச்சைத் தண்ணீர் இனிப்பதை அறியாதவர் நம்மில் யார்? தண்ணீர் மாறவில்லை, வாய்தான் மாறியிருக்கிறது. எதை முதலில் சுவைத்தோம் என்பதே தீர்ப்பைத் திருப்பிவிடும் என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

அடுத்தது மணம். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஓர் ஏலக்காயை மென்று பாருங்கள். ஏலக்காயின் சுவை என்று நாம் நினைப்பது ஏறக்குறைய மறைந்துவிடும். விரலை எடுத்ததும் திடீரென வந்துவிடும். வாயின் பின்புறமாக மூக்குக்குள் ஏறும் மணந்தான் சுவையின் பெரும்பகுதி. நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பாடநூல்களில் வெகுகாலம் அச்சிடப்பட்ட படம் சரியன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். நாக்கில் சுவை அரும்புகள் உள்ள எல்லாப் பகுதிகளும் எல்லாச் சுவைகளையும் உணர்கின்றன.

கண் செய்யும் குழப்பம்

நாக்கும் மூக்கும் மட்டும் தீர்ப்பளித்தால் கவலையில்லை. கண்ணும் குறுக்கே வருகிறது. பிரான்சின் போர்டோ நகரில் ஒயின் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர் 54 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2001ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முதலில் ஒரு வெள்ளை ஒயினையும் ஒரு சிவப்பு ஒயினையும் கொடுத்து, மணத்தைச் சொற்களால் விவரிக்கச் சொன்னார்கள். வெள்ளைக்குத் தேன், எலுமிச்சை போன்ற வெளிர்நிறப் பொருள்களின் பெயர்களும் சிவப்புக்குச் செந்நிறப் பழங்களின் பெயர்களும் வந்தன. மறுமுறை அதே வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் இப்போது அந்த வெள்ளை ஒயினுக்கே செந்நிறப் பழங்களின் பெயர்களைச் சொன்னார்கள்! மூக்கு முகருமுன் கண் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டது.

விலையும் இதே வேலையைச் செய்கிறது. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சிலரை மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து, குழாய் வழியே சிறிது சிறிதாக ஒயின் கொடுத்தார்கள். ஒரே ஒயின் ஒரு முறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் காட்டப்பட்டது. 90 டாலர் என்று கேட்டபோது நன்றாக இருக்கிறது என்றார்கள். அது வாய்ப்பேச்சு மட்டுமன்று. இன்பத்தை உணர்வதோடு தொடர்புள்ள மூளைப் பகுதியிலும் கிளர்ச்சி கூடியிருந்தது. ஆகவே பித்தளைத் தூக்குக்கு ஓட்டுப் போட்ட என் நண்பர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல முடியாது. அந்தச் சோறு அவர்களுக்கு உண்மையாகவே அதிகமாக ருசித்திருக்கும்.

பயிற்சி பெற்ற நடுவர்கள் இதற்கு விலக்கா? கலிபோர்னியாவில் ஒயின் ஆலை வைத்திருந்த ராபர்ட் ஹாட்ஜ்சன் என்னும் பேராசிரியருக்கு இந்த ஐயம் வந்தது. ஒரு போட்டியில் தங்கப் பதக்கம் பெற்ற ஒயின் மறு போட்டியில் வெறுங்கையோடு திரும்புவது ஏன் என்பது அவர் கேள்வி. அம்மாநிலக் கண்காட்சிப் போட்டியில் 2005 முதல் சில ஆண்டுகள், நடுவர்களுக்குக் கொடுத்த 30 கோப்பைகளில், ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய மூன்று கோப்பைகளை அவர்கள் அறியாமல் கலந்து வைத்தார். மூன்றுக்கும் ஒரே தரத்தைக் கொடுத்தவர்கள் நடுவர்களில் சுமார் பத்தில் ஒருவரே. பரிசோதிக்க இடங்கொடுத்த நடுவர்களின் துணிவை நாம் பாராட்டத்தான் வேண்டும். வேறு துறைகளில் தேர்வாளர்கள் இதற்குச் சம்மதிப்பார்களா என்பது ஐயமே.

இப்படிச் சொன்னதால் சுவைப்பதே வெறும் பித்தலாட்டம் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. புட்டியை மறைத்தது பெரிய நன்மை செய்த நிகழ்ச்சியும் உண்டு. 1976 மே 24 அன்று பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கில ஒயின் வணிகர் ஒரு போட்டி நடத்தினார். நடுவர்கள் ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் முன் பிரான்சின் புகழ்பெற்ற ஒயின்களும், அப்போது யாரும் பெரிதாக மதியாத கலிபோர்னிய ஒயின்களும் பெயர் மறைத்து வைக்கப்பட்டன. மதிப்பெண் 20க்கு. சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் என்னும் கலிபோர்னிய ஒயின், ஷாத்தோ மூத்தோன்-ரோத்ஷில்டைச் சிறிய வேறுபாட்டில் முந்தியது. வெள்ளையிலும் கலிபோர்னியாவே முதலிடம் பெற்றது. நடுவர் ஒருவர் கலிபோர்னிய ஒயின் ஒன்றைச் சுவைத்துவிட்டு, மறுபடி பிரான்சுக்கு வந்துவிட்டோம் என்று மகிழ்ந்தாராம்! புட்டியின் பெயர் தெரிந்திருந்தால் கலிபோர்னிய உழவருக்கு அந்த நீதி கிடைத்திருக்காது.

எட்டுக் கோப்பைத் தேநீர்

மறைப்பது முதல் படி. எண்ணுவது இரண்டாவது படி. இந்த இரண்டாவது படியைக் கற்றுத்தந்தது ஒரு கோப்பைத் தேநீர். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1920களில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானி இருந்தார். கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்வேன் என்றார் அவர். புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர் இதை விளையாட்டாக விட்டுவிடவில்லை. எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசையைக் கலைத்து வைத்து, பால் முதலில் ஊற்றிய நான்கைப் பொறுக்கச் சொல்வது என்று ஏற்பாடு. எட்டிலிருந்து நான்கைப் பொறுக்க 70 வழிகள் உண்டு. அதில் சரியானது ஒன்றே. ஆகவே குருட்டு யோகத்தில் முழுவதும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு எழுபதில் ஒன்று. 1935இல் வெளியான தம் நூலில் ஃபிஷர் இந்தச் சோதனையை விளக்கியிருக்கிறார். இன்று மருந்துகளைச் சோதிக்கும் முறைக்கும் அடிப்படை இதுவே.

தேநீர் என்றதும் நமக்குக் குன்னூர் நினைவு வரவேண்டும். அங்கே ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைஞர்கள் சுவைத்து மதிப்பிடுகிறார்கள். அவர்கள் நாக்கின் தீர்ப்பு ஏல விலையில் தெரியும்; ஏல விலை ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் நீலகிரி விவசாயியின் பச்சைத் தேயிலை விலையில் தெரியும். ஆகையால் அங்கே கண்டிப்பு அதிகம். ஒரே அளவு தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம். இதற்குப் பன்னாட்டுத் தர அமைப்பு 1980இல் வெளியிட்ட விதி, 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்கிறது. சுவைஞர் சத்தத்துடன் உறிஞ்சுவது காற்றோடு மணத்தை மூக்குக்கு ஏற்றத்தான். பிறகு விழுங்காமல் துப்பிவிடுவார். ஒயின் சுவைஞரும் துப்பவே செய்கிறார். துப்பாதவருடைய கடைசிப் புட்டி மதிப்பெண்ணை யார் நம்புவார்கள்?

நீங்களும் செய்து பார்க்கலாம். மது வேண்டியதில்லை, இரண்டு கடைத் திராட்சைச் சாறோ, இரண்டு வகைக் காப்பியோ போதும். ஒரே மாதிரியான மூன்று தம்ளர்களில் இரண்டில் ஒரு வகையும் ஒன்றில் மற்ற வகையும் ஒரே சூட்டில் ஊற்றுங்கள். எது எதில் என்று ஊற்றியவருக்கு மட்டும் தெரியவேண்டும்; அவர் அறையை விட்டு வெளியே போய்விடுவது நல்லது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். நிறம் வேறுபட்டால் சுவைப்பவர் கண்ணைக் கட்டிவிடுங்கள். தனித்த தம்ளர் எது என்று அவர் சொல்லவேண்டும். இடையிடையே வெந்நீரால் வாய் கொப்புளிக்கவேண்டும். இப்படி ஆறு முறை, ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி. வெறும் ஊகத்தால் ஆறில் இரண்டு சரியாக வரலாம். ஆறில் ஐந்தோ அதற்கு மேலோ ஊகத்தால் வரும் வாய்ப்பு 729இல் 13, அதாவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ஐந்து சரியாகச் சொன்னவருக்கு வேறுபாடு தெரிகிறது என்று ஒப்புக்கொள்ளலாம். எது உயர்ந்தது என்னும் மதிப்பெண் வழக்கு அதற்குப் பிறகுதான். வேறுபாடே தெரியாத இரண்டுக்குப் பத்துக்கு ஏழு, பத்துக்கு எட்டு என்று போடுவதில் பொருளில்லை.

அடுத்த பார்வேட்டையில் நாங்கள் இதைச் செய்தோம். தூக்குச் சோற்றையும் ஒரு டப்பாச் சோற்றையும் வாழையிலைத் துண்டுகளில் மூன்று மூன்று கவளமாக வைத்து, தூக்குக்காரருக்கே கண்ணைக் கட்டினோம். ஆறில் இரண்டு சரியாகச் சொன்னார். கட்டை அவிழ்த்ததும், மணற்காற்று மணத்தைக் கெடுத்துவிட்டது என்றார். அந்த ஆட்சேபத்தில் நியாயம் இருப்பதால் மறு சோதனையை வீட்டுக்குள் நடத்துவதாகத் தீர்மானித்திருக்கிறோம். சோறு மட்டும் வழக்கம்போல் தூக்கில்தான் வரும் என்று சொல்லிவிட்டார்.