விரட்டிய வைரஸ் வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறதா?

"வைரஸை அழித்துவிட்டேன். மறுநாள் கணினியைத் திறந்தால் மறுபடியும் அதே எச்சரிக்கை!"

வானொலியில் தொழில்நுட்பம் பற்றிப் பேசும் நாள்களில் நேயர்களிடமிருந்து அடிக்கடி வரும் புலம்பல் இது. சிலர் ஆண்டிவைரஸ் மென்பொருளைத் திட்டுவார்கள். சிலர் கணினியையே மாற்றிவிடலாமா என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் முன்பு நாம் எட்டிப்பார்க்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது.

வீட்டில் மூட்டைப்பூச்சி வந்தால் என்ன செய்வோம்? கட்டிலைக் கழற்றுவோம், மெத்தைக்கு மருந்தடிப்போம், வெயிலில் போடுவோம். ஆனால் விருந்தாளிக்காக அலமாரி மேல் சுருட்டி வைத்த மெத்தையை மறந்துவிடுவோம். அடுத்த முறை உறவினர் வரும்போது அதை விரித்தால் பழைய கதை மீண்டும் தொடங்கும். கணினியிலும் அப்படி ஒரு மெத்தை உண்டு. அதன் பெயர் 'ரிஸ்டோர் பாயிண்ட்'. தமிழில் மீட்புப் புள்ளி எனலாம்.

காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் வசதி

விண்டோஸில் 'சிஸ்டம் ரிஸ்டோர்' வசதி 2000ஆம் ஆண்டு விண்டோஸ் எம்இ பதிப்பில் அறிமுகமானது. புதிய மென்பொருளையோ அப்டேட்டையோ நிறுவும் நேரத்தில், கணினி தன் முக்கியக் கோப்புகளையும் அமைப்புகளையும் அன்றிருந்தபடி பதிந்துகொள்ளும். பிறகு ஏதாவது கோளாறு ஏற்பட்டால், அந்தத் தேதியின் நிலைக்கே கணினியைத் திருப்பிக்கொள்ளலாம். நல்ல வசதிதான்.

சிக்கல் என்னவென்றால், பதிவெடுக்கும்போது எது நல்லது, எது கெட்டது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. வைரஸ் புகுந்த மறுநாள் ஒரு மீட்புப் புள்ளி உருவானால், அந்த வைரஸும் பத்திரமாகச் சேமிக்கப்படலாம்.

இந்தப் பதிவுகள் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற மறைவான ஃபோல்டரில் இருக்கும். கணினியின் உரிமையாளர்கூட சாதாரணமாக அதைத் திறக்க முடியாது. நம் கைபட்டு மீட்புப் பதிவு கெட்டுவிடக் கூடாது என்பதற்கான பூட்டு அது. அதே பூட்டு சில வேளைகளில் ஆண்டிவைரஸ் மென்பொருளையும் தடுத்துவிடுகிறது. உள்ளே திருடன் இருப்பது அதற்குத் தெரிகிறது. இழுத்து வெளியே போட முடிவதில்லை. அதனால்தான் அதே எச்சரிக்கை தினமும் வருகிறது.

ஓர் ஆறுதல்: மீட்புப் புள்ளிக்குள் இருக்கும் வைரஸ் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். தானாக எழுந்து வேலை செய்யாது. அந்தத் தேதிக்குக் கணினியை நாம் திருப்பும்போதுதான் கண்விழிக்கும். ஆகவே, பதற்றப்பட வேண்டியதில்லை.

கிள்ளான் அத்தையின் மடிக்கணினி

கிள்ளானில் இருக்கும் என் அத்தைக்கு இந்தப் பிரச்சினை வந்தது. ஆவணங்களை அச்செடுக்க ஒரு கடைக்குக் கொடுத்தனுப்பிய தம்ப் டிரைவ் வழியாக வைரஸ் வந்திருந்தது. டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் மறைந்து, அவற்றின் பெயரிலேயே 'ஷார்ட்கட்' குறியீடுகள் வந்து நின்றன. அவற்றில் ஒன்றைக் கிளிக் செய்ததும் கணினிக்குள் புகுந்துவிட்டது.

பழுது பார்க்கும் கடையில், "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டுவிடலாம்" என்றார்களாம். அத்தை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அதுல உங்க மாமா குரல் இருக்குப்பா. அத எடுத்துக் குடுத்துட்டு அப்புறம் என்ன வேணாலும் செய்யுங்க" என்றார் என்னிடம்.

மாமா மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ரப்பர் தோட்டத்தில் தாம் வளர்ந்த கதையைப் பேத்திக்கு அவர் சொன்ன 11 நிமிட ஒலிப்பதிவு அது. வேறு எங்கும் பிரதி இல்லை. குரலை நம்பிப் பிழைப்பவன் நான்; ஒரு குரல் போனால் போனதுதான் என்பது எனக்குத் தெரியும்.

வரிசை முக்கியம்

அன்று நாங்கள் செய்ததை அதே வரிசையில் சொல்கிறேன்.

முதலில், வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் புகைப்படங்கள், ஒலிப்பதிவுகள், ஆவணங்களை மட்டும் பிரதி எடுத்தோம். மென்பொருள் கோப்புகளையும் சந்தேகமான ஷார்ட்கட்களையும் தொடவில்லை. முடிந்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டோம். பின்னர் அதையும் சோதித்த பிறகுதான் திறந்தோம்.

இரண்டாவது, ஆண்டிவைரஸைப் புதுப்பித்து முழுச் சோதனை நடத்தினோம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன்' என்ற சோதனை இலவசமாகவே இருக்கிறது. கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுமையாக எழும் முன்பே சோதனை நடக்கும். ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். வைரஸ் விழித்துக்கொள்வதற்குள் பிடித்துவிடலாம்.

மூன்றாவது, ஓரிரு நாள் காத்திருந்தோம். கணினி ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்த்த பிறகே மீட்புப் புள்ளிகளில் கை வைத்தோம்.

பலர் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். வைரஸ் என்றதும் மீட்புப் புள்ளிகளை முதல் வேலையாக அழித்துவிடுகிறார்கள். சுத்தம் செய்யும்போது ஏதாவது முக்கியக் கோப்பு பாதிக்கப்பட்டு, கணினி திறக்காமலே போய்விட்டால்? திரும்பிப்போக வழி இருக்காது. ஓட்டைப் படகானாலும் நடுக்கடலில் அது படகுதான். கரை சேர்ந்த பிறகு உடைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, அழிப்பது. ஸ்டார்ட் பகுதியில் 'கிரியேட் எ ரிஸ்டோர் பாயிண்ட்' என்று தேடினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, 'கான்ஃபிகர்' பொத்தானை அழுத்தினால் 'டெலீட்' வரும். பழைய புள்ளிகள் அனைத்தும் அதோடு போய்விடும். பிறகு இன்னொரு முழுச் சோதனை. எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்றால், அதே பெட்டியில் 'கிரியேட்' பொத்தானை அழுத்திப் புதிய மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்குங்கள். பல கணினிகளில் இந்த வசதி அணைக்கப்பட்டே இருக்கலாம். உங்களுடையதில் எப்படி என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

மீட்புப் புள்ளி வேறு, காப்பு நகல் வேறு

"ரிஸ்டோர் இருக்கிறதே, என் படங்கள் பத்திரம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. சிஸ்டம் ரிஸ்டோர் திருப்பித் தருவது கணினியின் இயக்கத்தை. உங்கள் குடும்பப் படங்களை மீட்டுத் தருவது அதன் வேலை அல்ல. அதேபோல, தேதியைப் பின்னோக்கித் திருப்பினால் வைரஸ் ஒழிந்துவிடும் என்று நம்புவதும் ஆபத்து. உங்கள் ஆவணங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் வைரஸ் அப்படியே இருக்கும்.

2017 மே 12ஆம் தேதி உலகைக் கலக்கிய 'வான்னாக்ரை' இதை எல்லாருக்கும் புரியவைத்தது. 150க்கும் மேற்பட்ட நாடுகளில் 200,000க்கும் அதிகமான கணினிகளை அது தாக்கியது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டதோடு, விண்டோஸ் கணினிக்குள்ளேயே வைத்திருக்கும் மீட்பு நகல்களையும் அழிக்க முயன்றது. சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்தால் திருடன் கையில்தான் சிக்கும். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்தில் வெளியிட்டிருந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் கணினித் துறையினர் 3-2-1 என்றொரு கணக்குச் சொல்வார்கள். முக்கியக் கோப்புகளுக்கு 3 பிரதிகள். 2 வெவ்வேறு வகைச் சாதனங்களில். அவற்றில் 1 வீட்டுக்கு வெளியே. வெளி ஹார்ட் டிஸ்க்கை எந்நேரமும் கணினியில் செருகி வைக்காதீர்கள். பிரதி எடுத்ததும் கழற்றிவிடுங்கள். நேற்றைய பிரதியின் மேலேயே இன்றையதை எழுதாமல், சில மாதங்களுக்கு முந்தைய பிரதியையும் வைத்திருங்கள். வைரஸ் என்றைக்குப் புகுந்தது என்பது பல நேரங்களில் தாமதமாகத்தான் தெரியவரும்.

நிலைமை கைமீறினால் தனியாகத் தவிக்க வேண்டாம். மலேசியாவில் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் 'சைபர்999' உதவி மையம் இருக்கிறது. சிங்கப்பூரில் 'சிங்சர்ட்' இருக்கிறது.

மாமாவின் 11 நிமிடக் குரல் இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது: மடிக்கணினியில் ஒன்று, அத்தையின் அலமாரியில் ஒன்று, ஈப்போவில் இருக்கும் மகள் வீட்டில் ஒன்று. மகள் வீட்டுப் பிரதியைப் பேத்தி அவ்வப்போது கேட்கிறாளாம்.

உங்கள் வீட்டில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கும் குரல் எது, படம் எது? இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதலில் அதற்கு இன்னொரு பிரதி எடுங்கள். வைரஸை நிதானமாகப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.