வெடிப்பு விழுந்த காபுரேற்றர்: 26 டொலரில் ஒரு திருத்த வேலை

ஏப்ரல் பிறந்ததும் ரொறன்ரோவிலும் சுற்றுப்புறங்களிலும் கராஜ் கதவுகள் திறபடத் தொடங்கும். பனிக்காலம் முழுவதும் மூலையில் கிடந்த சைக்கிள், புல்வெட்டி, டேர்ட் பைக் எல்லாம் வெளியே வரும். அந்த நேரம் கராஜில் பெற்றோல் மணம் அடித்தால், "பழைய வண்டி, மணக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடாதீர்கள். எங்கோ ஒழுகுகிறது.

எங்கள் வாலிபர் குழுவில் உள்ள 16 வயதுத் தம்பி ஒருவர், கோடை விடுமுறையில் வேலை செய்து சேர்த்த காசில் பழைய 125 சீசீ டேர்ட் பைக் ஒன்றை வாங்கியிருந்தார். இந்த வசந்தத்தில் அதன் காபுரேற்றருக்கு அடியிலிருந்து பெற்றோல் சொட்டத் தொடங்கியது. புதுக் காபுரேற்றர் பூட்டுவதற்குக் கடையில் 200 டொலருக்கு மேல் கேட்டார்கள்.

"பேசாமல் அதை வித்துப்போடு" என்றார் அம்மா.

"சின்ன வெடிப்புத்தான் அம்மா. ஒட்டிப் பார்ப்பம்" என்றார் தம்பி.

அம்மாவுக்குக் காசைவிட நெருப்புத்தான் பயம். அது நியாயமான பயம். ஆகவே ஒரு சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் அவர்கள் வீட்டில் கூடினோம். எங்களில் இருவர் தாதியர். தொடங்க முன் அம்மாவுடன் ஓர் உடன்பாடு செய்தோம்: சோதனையில் ஒரு துளி ஒழுகினாலும், பாகத்தை மாற்றும்வரை வண்டி ஓடாது.

கிண்ணம் ஏன் வெடிக்கிறது?

காபுரேற்றரின் அடியில் சிறு கிண்ணம் ஒன்று உண்டு. டாங்கிலிருந்து வரும் பெற்றோல் முதலில் இதற்குள்தான் விழும். உள்ளே ஒரு மிதவை இருக்கிறது. பெற்றோல் உயர்ந்ததும் மிதவையும் உயர்ந்து, ஊசி வால்வை மூடிவிடும். கிண்ணத்தில் வெடிப்பு இருந்தால் பெற்றோல் மட்டம் இறங்கும், மிதவையும் இறங்கும், வால்வு திரும்பத் திறக்கும். டாங்கின் குழாயைத் திறந்தபடி விட்டால், மயிரளவு வெடிப்பினாலும் ஓர் இரவில் நிறையப் பெற்றோல் தரைக்குப் போய்விடும்.

கல் அடித்தும் வெடிக்கும், திருகாணியை அளவுக்கு மேல் இறுக்கியும் வெடிக்கும். கனடாவில் குளிரும் ஒரு காரணம். இங்கே சாதாரண பெற்றோலில் சுமார் 10 வீதம் எதனோல் கலந்திருக்கிறது. எதனோல் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து கிண்ணத்தின் அடியில் தங்கும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 வீதம் பருக்கும். மெல்லிய வார்ப்பு உலோகம் அதைத் தாங்காது.

கழற்ற முன்

பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. அது தரையோடு பரவும். மைனஸ் 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியைப் பெற்றோல் வெளிவிடும். ஆகவே, குளிர்கிறது என்பதற்காகக் காபுரேற்றரை பேஸ்மென்றுக்குக் கொண்டுபோக வேண்டாம். அங்கே தண்ணீர் சூடாக்கியின் சுடர் எரிந்துகொண்டிருக்கலாம். நாங்கள் இயந்திரம் நன்றாக ஆறிய பிறகு, வண்டியை வெளியே தள்ளிவந்துதான் தொடங்கினோம். பெற்றோல் நெருப்புக்கு ஏற்ற தீயணைப்பான் ஒன்றும் பக்கத்தில் இருந்தது. பெற்றோல் நெருப்பில் தண்ணீர் ஊற்றினால் நெருப்பு பரவும்.

பெற்றோலை வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் நம்மவரிடம் இன்னும் இருக்கிறது. அது வேண்டாம். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திரும்பி வரும் பெற்றோல் நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து. மூச்சுத் திணறினால் 911. மற்றப்படி நஞ்சு ஆலோசனை நிலையத்தின் 1-844-764-7669 என்ற இலக்கத்தை அழையுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

வெடிப்பைத் தேடுதல்

டாங்கின் குழாயை மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள வடிதிருகாணியைத் தளர்த்தி, பெற்றோலைப் பெற்றோல் கானில் வடித்தோம். கிண்ணத்தின் திருகாணிகள் மென்மையானவை. யப்பானிய வண்டிகளில் தலை நாலுமூலையாக இருந்தாலும் அது வழமையான பிலிப்ஸ் அல்ல, ஜே.ஐ.எஸ். என்ற வகை. பிலிப்ஸ் திருப்புளி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். பொருத்தமான திருப்புளி ஒன்றை இரவல் வாங்கினோம்.

ஒழுகுவதெல்லாம் வெடிப்பு அல்ல. பழைய கஸ்கெற்றாலும் ஒழுகும், தேய்ந்த ஊசி வால்வாலும் ஒழுகும். எனவே கிண்ணத்தைக் கழுவிக் காயவைத்து, வெளிப்புறத்தில் சோக்குத் தூளைத் தடவி, உள்ளே கொஞ்சம் பெற்றோல் விட்டோம். சில நிமிடத்தில் வெள்ளைத் தூளில் நனைந்த கோடு ஒன்று தெரிந்தது. வடிதிருகாணிக்கு மேலே, சுமார் 2 சென்ரிமீற்றர் நீளம்.

எங்கே வெடித்திருக்கிறது என்பதுதான் முக்கியம். கிண்ணத்தின் பக்கச் சுவர் என்றால் ஒட்டலாம். கஸ்கெற் அமரும் விளிம்பையோ, திருகாணி பிடிக்கும் காதையோ, வடிதிருகாணியின் புரியையோ வெடிப்பு தொட்டிருந்தால் ஒட்ட வேண்டாம். அங்கே ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் வெடிப்பு மேலும் விரியும். பழைய பாகங்கள் விற்கும் இடத்தில் கிண்ணம் மட்டும் தேடி வாங்குவதே நல்லது.

ஒட்டுதல்

தாதிமார் முதலில் கற்பது, காயத்துக்கு மருந்து போட முன் காயத்தைச் சுத்தம் செய்வது. இங்கேயும் அப்படித்தான். பசை பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்குத்தான் காரணம்.

வெடிப்பு மேலே ஓடாமல் இருக்க, அதன் இரண்டு முனையிலும் ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் சிறு துளை போட்டோம். கோட்டின் வழியே சின்ன அரத்தால் ஆழமில்லாத ஒரு பள்ளம் எடுத்தோம். சுற்றிவர ஒரு சென்ரிமீற்றர் அகலத்துக்கு 80ஆம் இலக்க அரத்தாளால் தேய்த்தோம். பிறகு அசிற்றோனில் நனைத்த சுத்தமான துணியால், துணி அழுக்காவது நிற்கும்வரை துடைத்தோம். அதன்பின் அந்த இடத்தை வெறுங்கையால் தொடவில்லை. நைற்றைல் கையுறை போட்டிருந்தோம்.

பசையாக, பெற்றோலைத் தாங்கும் இரண்டு குழாய் எபொக்சி வேண்டும். நாங்கள் எடுத்தது ஜே-பி வெல்ட். சுப்பர் குளூவும் சாதாரண சிலிக்கோனும் பெற்றோலில் நிற்காது. இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு எடுத்து, ஒரே நிறம் வரும்வரை கலந்து, பள்ளத்துக்குள் அழுத்திப் பூசினோம். உட்புறத்தில் மிக மெல்லிய பூச்சு மட்டும். தடித்தால் மிதவை முட்டும். ஆறேழு மணித்தியாலத்தில் இறுகியதுபோல் தெரிந்தாலும், முழுதாகக் காய 24 மணித்தியாலம் விட வேண்டும். குளிரில் இன்னும் நேரம் எடுக்கும். ஈரமும் மணமும் இல்லாத அந்தக் கிண்ணத்தை மட்டும் வீட்டுக்குள் வைத்தோம்.

சோதனை

அடுத்த சனிக்கிழமை கிண்ணத்தில் பெற்றோல் நிரப்பி, கராஜுக்கு வெளியே ஒரு காட்போட் துண்டின் மேல் வைத்து மூன்று மணித்தியாலம் காவல் இருந்தோம். காட்போட் காய்ந்தே இருந்தது. புதிய கஸ்கெற் வைத்து, திருகாணிகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பூட்டினோம். இயந்திரத்தை ஓடவிட்டு நிறுத்தி, அடியில் புதிய காட்போட் வைத்துத் திரும்பவும் பார்த்தோம். கடைசியாகக் குனிந்து பார்த்தவர் அம்மா.

எபொக்சி 12 டொலர், கஸ்கெற் 9, அரத்தாள் 5, மொத்தம் 26 டொலர். அசிற்றோனும் கையுறையும் வீட்டில் இருந்தன. வடித்த பழைய பெற்றோலை வடிகாலில் ஊற்றாமல், ஆபத்தான கழிவுகளை ஏற்கும் நகரசபை நிலையத்தில் கொடுத்தோம்.

ஒட்டிய கிண்ணம் புதுக் கிண்ணம் ஆகாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் அடியில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும், வண்டியை நிறுத்தியதும் டாங்கின் குழாயை மூட வேண்டும். ஒக்ரோபரில் வண்டியை உள்ளே வைக்க முன் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும், காசு தேவையில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கராஜில் எதையாவது கழற்றிக்கொண்டிருந்தால், "கையெல்லாம் எண்ணெய்" என்று உள்ளே கூப்பிடாமல், ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருங்கள். எது ஒட்டலாம், எது ஒட்டக் கூடாது என்று அவர்கள் முடிவெடுக்கும்போது, கேள்வி கேட்க ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.