சோட்டா பீமுக்கு மனித முகம்

தெள்ளார், ஆரணி பக்கம் தறியில் உட்கார்ந்தபடி கேட்கும் நேயர்களே, லட்டு தின்றதும் பலம் வரும் சோட்டா பீமை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாமலிருக்காது. ஐதராபாத்தின் ராஜீவ் சிலகா உருவாக்கிய இந்தக் கார்ட்டூன், போகோ தொலைக்காட்சியில் 2008-இல் தொடங்கியது. 2012-இல் தம்யான் என்ற வில்லனின் சாபக் கதை கார்ட்டூன் படமாகவே திரையரங்குக்கு வந்தது. அதையே 2024-இல் நிஜ நடிகர்களை வைத்து எடுத்தார்கள். குரு சம்புவாக அனுபம் கேர்!

கார்ட்டூனில் ஒரே குத்தில் வில்லன் மலை தாண்டி விழுவான், யாரும் ஏனென்று கேட்பதில்லை. ஆள் நடித்தால்தான் வம்பு. கயிறு வேண்டும், கணினி வரைகலை வேண்டும்.

கார்ட்டூனை இப்படி நிஜப் படமாக்கியதில் ஹாலிவுட்டின் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' குழுவினர் கெட்டிக்காரர்கள். 1984 கார்ட்டூனில் நாயக ரோபோ ஆப்டிமஸ் பிரைமுக்குக் குரல் கொடுத்த பீட்டர் கல்லனையே, 2007 படத்திலும் பேச வைத்தார்கள்.